எண் இறங்கிவிட்டது, ரத்தப் பையை மாட்டலாமா? விரல் சென்சார் ஹீமோகுளோபினில் பிழை தேடும் முறை

ஊசி குத்தாமல், விரலில் ஒட்டிய சென்சார் வழியாகவே ஹீமோகுளோபினைத் தொடர்ந்து காட்டும் வசதி 2008 முதல் ஆபரேஷன் தியேட்டர்களில் இருக்கிறது. பரவலாக இருப்பது மாசிமோ நிறுவனத்தின் ரெயின்போ வகை. சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு அலைநீள ஒளியோடு நின்றுவிடும். இது ஏழும் அதற்கு மேலும் பயன்படுத்தி, துடிப்போடு வந்துபோகும் ரத்தம் ஒவ்வொரு ஒளியையும் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து மொத்த ஹீமோகுளோபினைக் கணக்கிடுகிறது. திரையில் எஸ்பிஎச்பி என்ற பெயரில் வரும். கீழே கிராம் என்று வரும் இடமெல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை கிராம் என்று படிக்கவும்.

பிழை தேடுவதற்கு முன் கருவியின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 8 முதல் 17 கிராம் வரையிலான ரத்தத்தில் துல்லியம் ±1 கிராம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. அது ஒரு திட்டவிலக்கம்தான். அதாவது எல்லாம் சரியாக இருந்தாலே மூன்றில் ஒரு அளவீடு ஒரு கிராமுக்கு மேல் விலகலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் சராசரி வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் தனித்தனி நோயாளிகளில் விலகல் −2.6 முதல் +2.8 கிராம் வரை பரவியிருந்தது. 7 கிராமா 9 கிராமா என்பதில்தான் ரத்தம் ஏற்றும் முடிவே நிற்கிறது என்னும்போது, இந்த எண்ணை மட்டும் நம்பிப் பையை மாட்டுவதும் தவறு, மாட்டாமல் இருப்பதும் தவறு.

அப்படியானால் இதன் பயன் என்ன? எப்போது ரத்த மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், எப்போது பொறுத்திருக்கலாம், ஒரு யூனிட் ஏற்றியபின் இரண்டாவது வேண்டுமா என்பதை இது சொல்லும். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 327 எலும்பு அறுவை நோயாளிகளிடம் செய்த ஆய்வில் ரத்தம் ஏற்றப்பட்டவர்கள் 4.5 சதவீதத்திலிருந்து 0.6 சதவீதமாகக் குறைந்தார்கள். அது ரத்த இழப்பு குறைவான, முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைகளில் கிடைத்த பலன். பெருத்த ரத்தப்போக்கு நடக்கும் மேசைக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

அடிப்படை எண் இல்லாமல் எதையும் தேட முடியாது

பிறகு வரும் எல்லாச் சோதனைகளும் ஒரு ஆரம்ப எண்ணோடு ஒப்பிடுவதுதான். அதை எடுக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. நோயாளி மேசைக்கு வந்ததும் சென்சாரை மாட்டி முதலில் தெரிந்ததைக் குறித்துக்கொள்வார்கள். அப்போது கை சில்லிட்டிருக்கும், பயத்தில் ரத்தநாளங்கள் சுருங்கியிருக்கும். மயக்க மருந்து போனதும் நாளங்கள் விரிந்து விரலில் துடிப்பு பல மடங்காகும். ரத்தத்தில் ஒரு துளியும் மாறாமலே எண் நகர்ந்துவிடும்.

மயக்கம் கொடுத்து, அறுவைக்கான நிலையில் கிடத்தி, ரத்த அழுத்தம் நிலைத்து 10 முதல் 15 நிமிடம் கழித்து எடுங்கள். ஆர்ட்டீரியல் லைனிலிருந்து (தமனிக்குள் வைத்த மெல்லிய குழாய்) ஒரு மாதிரி எடுத்து, அந்தக் கணத்திலேயே திரையில் உள்ள எஸ்பிஎச்பி, பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ் (விரலில் துடிப்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்), கொடுக்கும் ஆக்சிஜன் சதவீதம், மணி ஆகிய நான்கையும் எழுதுங்கள். லேப் முடிவு வந்ததும் அந்தக் கணத்து எண்ணோடு கழித்துப் பாருங்கள்.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 10:20க்கு மாதிரி எடுக்கும்போது திரையில் 11.4. முடிவு 10:45க்கு வருகிறது: 10.6. அந்த நேரத்தில் திரை 10.9 காட்டுகிறது. 10.9ஓடு ஒப்பிட்டால் கருவி 0.3 கிராம்தான் கூடுதலாகக் காட்டுகிறது என்று தோன்றும். உண்மையான வித்தியாசம் 0.8. மாதிரி எடுத்த நேரத்து எண்தான் கணக்கு. மானிட்டரில் நிகழ்வுக்குறி பொத்தான் இருந்தால் சிரிஞ்சை இழுக்கும்போதே அழுத்திவிடுங்கள்.

சில மாடல்களில் இந்த வித்தியாசத்தைக் கருவிக்குள்ளேயே கொடுத்துத் திருத்தலாம். வசதிதான். ஆனால் விரலில் துடிப்பு மந்தமாக இருந்தபோது எடுத்த எண்ணை வைத்துத் திருத்தினால், கை சூடானதும் திருத்தமே பிழையாகிவிடும். சென்சாரைக் கழற்றி மாட்டினால் திருத்தம் போய்விடும் மாடல்களும் உண்டு. வேலைநேரம் மாறி வருபவருக்கு, திரையில் தெரிவது திருத்திய எண்ணா மூல எண்ணா என்பது தெரியாமல் போவது இன்னொரு ஆபத்து. மூல எண்ணை அப்படியே விட்டு, வித்தியாசத்தைப் பதிவுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பதே எங்கள் தேர்வு.

எண்ணே வரவில்லை, கோடுகள் மட்டும்

ஆக்சிஜன் அளவு வருகிறது, ஹீமோகுளோபின் இடத்தில் மட்டும் கோடுகள் என்றால் முதலில் சென்சார் வகையைப் பாருங்கள். சாதாரண ஆக்சிஜன் சென்சார் பல கருவிகளில் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் ஹீமோகுளோபின் தராது. பல அலைநீளச் சென்சாரும் அதற்கான கேபிளும் வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையெனில், அந்த மானிட்டரில் இந்த அளவீடு மென்பொருளில் திறக்கப்பட்டிருக்கிறதா என்று உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவிடம் கேளுங்கள். அது தனியாக வாங்க வேண்டிய வசதி.

புதிதாக மாட்டியவுடன் சில நிமிடம் கோடுகள் இருப்பது இயல்பு. பொறுமையிழந்து கழற்றி மாட்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டு அளவுமே வரவில்லையென்றால் துடிப்பு கிடைக்கவில்லை. பிபி கஃப் அதே கையில் இருக்கிறதா, பக்கவாட்டில் கிடத்தியதில் அந்தக் கை உடம்புக்கடியில் அழுந்துகிறதா, டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டும் பட்டை) அதே பக்கமா என்று பார்த்தாலே பாதி தீர்ந்துவிடும். இதய நுரையீரல் இயந்திரத்தில் இருக்கும் நேரத்தில் துடிப்பே இல்லாததால் எண் வராது. அதைச் சரிசெய்ய எதுவுமில்லை, ரத்த மாதிரியில் வாயுக்களையும் ஹீமோகுளோபினையும் அளக்கும் ரத்தவாயுக் கருவிக்குப் போங்கள்.

ஆரம்பத்திலேயே லேபுக்கும் திரைக்கும் வெகு தூரம்

வித்தியாசம் 1.5 கிராமுக்கு மேல் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

1. சென்சாரைப் பிரித்துப் பாருங்கள். ஒளி உமிழும் பக்கம் நகத்தின் மேலும், உணரும் பக்கம் விரல் சதையின் அடியிலும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். விரல் நுனி சென்சாரின் தடுப்பைத் தொட வேண்டும். ஆக்சிஜன் அளவு சிறு சறுக்கலைப் பொறுத்துக்கொள்ளும், ஹீமோகுளோபின் கணக்கு பொறுக்காது. மோதிர விரலோ நடு விரலோ நல்லது. பெருவிரலும் சுண்டுவிரலும் வேண்டாம்.

2. நகச்சாயம், ஒட்டு நகம், மருதாணிக் கறை. அகற்ற முடியாவிட்டால் வேறு விரல்.

3. வெளிச்சம். அறுவை விளக்கு, அகச்சிவப்பு சூடேற்றி ஆகியவை உணரும் பக்கத்தில் விழுந்தால் கணக்கு கெடும். சென்சாரோடு வரும் ஒளிமறைப்பு உறையைத் தூக்கிப் போடாதீர்கள். இல்லையென்றால் ஒளி புகாத துணியால் மூடுங்கள், இறுக்கிச் சுற்றாதீர்கள்.

4. பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ். துடிக்கும் ஒளிக்கும் துடிக்காத ஒளிக்கும் உள்ள விகிதம் இது, சதவீதத்தில் வரும். 1க்குக் கீழே போனால் எண்ணைச் சந்தேகியுங்கள், 0.5க்குக் கீழே போனால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

5. அமைப்புப் பக்கத்தில் தமனி ரத்தமா சிரை ரத்தமா என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். ஒப்பிடும் மாதிரி எந்த வகையோ அதுவே இங்கும் இருக்க வேண்டும்.

6. நோயாளியின் ரத்தம். மஞ்சள்காமாலையில் கூடிய பிலிருபின், புகைபிடிப்பவரிடம் கூடிய கார்பாக்சி ஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டியது), ப்ரிலோகெயின் போன்ற மருந்தால் கூடிய மெத்ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வகை), தாலசீமியா, அரிவாள் செல் போன்ற பிறவி ஹீமோகுளோபின் மாற்றங்கள், கல்லீரல் நோய். இவற்றில் சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் வித்தியாசம் குறையாது. அந்த நோயாளிக்கு இந்தக் கருவி பயன்படாது என்று பதிவுத்தாளில் எழுதிவிட்டு லேபை நம்புங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் 1 கிராம் அளவுக்கு நிலையான வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். நிலையாக இருக்கும் வரை கழித்துக்கொள்ளலாம். அடுத்த மாதிரியிலும் அதே வித்தியாசம் வருகிறதா என்பதே கேள்வி. முதலில் +0.8, ஒரு மணி நேரம் கழித்து −0.6 என்று வந்தால் அந்த நோயாளியிடம் ஏற்ற இறக்கத்தைக்கூட நம்ப முடியாது.

ரத்தப்போக்கு தெரியவில்லை, எண் சரிகிறது

தேவையில்லாத ரத்தம் அதிகம் ஏறுவது இந்த இடத்தில்தான். திரையில் 9.8 ஆக இருந்தது 10 நிமிடத்தில் 8.3. அறுவைப் பகுதியைப் பார்த்தால் உலர்வாக இருக்கிறது. உள்ளே எங்கோ போகிறது என்று பயம், உடனே ரத்த வங்கிக்கு ஆள்.

முதலில் பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸின் போக்கைத் திரும்பிப் பாருங்கள். ஹீமோகுளோபினும் அதுவும் ஒன்றாகச் சரிந்திருந்தால், விரலுக்கு ரத்தம் வருவது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கடைசி 10 நிமிடத்தில் நாளங்களைச் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின் கொடுத்தீர்களா, அதே வகையான நோரட்ரினலின் வேகத்தைக் கூட்டினீர்களா, மயக்கம் மேலோட்டமாகி நாளங்கள் சுருங்கினவா, உடல் வெப்பம் 35.5க்குக் கீழே போனதா என்று பாருங்கள். கையைப் பஞ்சுச் சுருளால் சுற்றி, சூடான காற்றுப் போர்வைக்குள் விட்டால் 10, 15 நிமிடத்தில் துடிப்பு திரும்பும். சென்சார் மேல் நேரடியாகச் சூடு வைக்காதீர்கள், மந்தமான ரத்த ஓட்டத்தில் தோல் புண்ணாகும். அட்ரினலின் கலக்காத மரப்பு மருந்தை விரலடி நரம்பில் போட்டால் துடிப்பு கூடும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு மானிட்டருக்காக விரலில் ஊசி போடுவதற்கு முன், ரத்த மாதிரி ஒன்று எடுப்பது எளிதல்லவா என்று யோசியுங்கள்.

பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ் அப்படியே இருந்து, ஹீமோகுளோபின் மட்டும் சரிந்தால் அடுத்து திரவ நிலைப்பாட்டைப் பாருங்கள். இங்கேதான் பலரும் கருவியைத் தவறாகத் திட்டுகிறார்கள். எண் பொய்யில்லை. 12 கிராம் உள்ள 5 லிட்டர் ரத்தத்துக்கு வேகமாகத் திரவம் கொடுத்து, அதில் 700 மி.லி. அந்த நேரத்தில் நாளங்களுக்குள் இருந்தால், 12 × 5 ÷ 5.7 = 10.5. ஒரு துளி ரத்தம் போகாமலே 1.5 கிராம் இறங்கிவிட்டது. சிவப்பணுக்களின் எண்ணிக்கை மாறவில்லை, நீர்த்துவிட்டது. உப்புநீர் வகைத் திரவம் 20, 30 நிமிடத்தில் திசுக்களுக்குள் நகர, எண் மெல்ல மேலே வரும். இந்த நேரத்தில் எடுத்த லேப் மாதிரியும் 10.5தான் சொல்லும். லேப் உறுதிப்படுத்திவிட்டது என்று பையை மாட்டுவதில் உள்ள தவறு இதுதான். நிலையான நோயாளியாக இருந்தால் திரவ வேகத்தைக் குறைத்து 20 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். எண் ஏறினால் நீர்த்தல். அப்படியே நின்றாலோ மேலும் இறங்கினாலோ தேடத் தொடங்குங்கள்.

துடிப்பும் நன்றாக இருக்கிறது, திரவமும் கூடவில்லை, ஆனாலும் 1 கிராமுக்கு மேல் இறங்கி 5 நிமிடத்துக்கு மேல் அங்கேயே நிற்கிறது என்றால் அது மெய்யான அழைப்பு. உடனே மாதிரி எடுங்கள், அறுவை நிபுணரிடம் சொல்லுங்கள். வயிற்றுப் பின்சுவர், தொடை, துணிகளுக்கு அடியில், மேசைக்கு அடியில் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணெதிரே ரத்தம் போகிறது, எண் அசையவில்லை

முந்தையது பணத்தையும் ரத்தத்தையும் வீணாக்கும் பிழை. இது உயிரை வாங்கும் பிழை. காரணங்கள் மூன்று, மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

முதலாவது உடலியல். முழு ரத்தம் வெளியேறும்போது உள்ளே மிச்சமிருப்பதின் செறிவு மாறாது. 5 லிட்டரில் ஒரு லிட்டர் போனாலும், எதுவும் கொடுக்காத வரை 12 கிராம் 12 கிராமாகவே இருக்கும். இழந்ததை ஈடுகட்டிக்கொண்டே வந்து மொத்த அளவு 5 லிட்டராகவே இருந்தால்தான் சுமார் 9.8க்கு வரும். ஆகவே ரத்தம் போகத் தொடங்கிய முதல் நிமிடங்களில் எண் நிலையாக இருப்பது ஆறுதல் அல்ல.

இரண்டாவது கருவியின் சராசரிக் காலம். திரையில் தெரிவது அந்தக் கணத்து அளவு இல்லை, கடந்த சில நிமிடங்களின் சராசரி. அமைப்பில் நீண்ட, நடுத்தர, குறுகிய என்று தேர்வு இருக்கும். அமைதியான அறுவையில் நீண்டது எண்ணை ஆடாமல் வைக்கும். ரத்தம் கொட்டக்கூடிய அறுவையில் தொடக்கத்திலேயே குறுகியதற்கு மாற்றுங்கள். எண் கொஞ்சம் ஆடும், பரவாயில்லை.

மூன்றாவது, கீழ் எல்லையில் கருவி பொதுவாக மிகையாகக் காட்டுகிறது. மெய்யான அளவு 7 கிராம் அருகில் இருக்கும்போது திரையில் 8, 8.5 என்று நிற்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. தயாரிப்பாளர் துல்லியம் சொல்லும் எல்லையே 8 கிராமோடு முடிகிறது. எனவே ஆரம்பத்தில் கணக்கிட்ட வித்தியாசம் 11 கிராமில் பொருந்தியது போல 8 கிராமிலும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 9க்குக் கீழே போனதும் புதிய மாதிரி எடுத்து வித்தியாசத்தை மறுபடி கணக்கிடுங்கள்.

இந்த நிலையில் நம்ப வேண்டியது இழந்த ரத்தத்தின் கணக்கு. உறிஞ்சு குடுவையில் உள்ளதிலிருந்து கழுவ ஊற்றிய நீரைக் கழியுங்கள். ரத்தம் தோய்ந்த துணிகளை எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் எடையை ஒரு மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். தாங்கக்கூடிய இழப்பை ஆபரேஷனுக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். 60 கிலோ பெண்ணுக்கு ரத்த அளவு கிலோவுக்கு 65 மி.லி. வீதம் 3900. ஆரம்பம் 12, கீழ் எல்லை 8 என்றால் 3900 × (12 − 8) ÷ 12 = 1300 மி.லி. இழப்பு 1000ஐத் தாண்டியும் திரை சிரித்துக்கொண்டிருந்தால் திரையை நம்பாதீர்கள்.

அழுத்தம் விழுகிறது, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடுவது) ஏறுகிறது, அறுவைப் பகுதி நிரம்பிக்கொண்டே இருக்கிறது என்றால் எந்த ஹீமோகுளோபின் எண்ணுக்கும் காத்திருக்காமல் பெருமளவு ரத்தமேற்றும் நெறிமுறையைத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் இந்தக் கருவிக்கு வேலை இல்லை.

எண் மேலும் கீழும் குதிக்கிறது

ஐந்து நிமிடத்தில் 9, 11, 9.5 என்று ஆடினால் ரத்தம் அப்படி ஆடாது, சமிக்ஞை ஆடுகிறது. டயதெர்மி (மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி) ஓடும்போது மட்டும் குதிக்கிறதா பாருங்கள். சென்சார் கேபிளை டயதெர்மி கேபிளிலிருந்து விலக்கி, குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கவிடுங்கள். அறுவை நிபுணரின் உதவியாளர் கையில் சாய்கிறாரா? நடுக்கமா? கை இதயத்துக்குக் கீழே தொங்கினால் சிரை ரத்தமும் துடிக்கத் தொடங்கும். தலை தாழ்ந்த நிலையில் நடக்கும் லேப்ராஸ்கோப்பியிலும் இது வரும். கையை இதய மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டு நாடா இறுகினாலும் இதே கதை. துடிப்பு மந்தமான விரலில் மணிக்கொரு முறையாவது பிரித்துத் தோலைப் பாருங்கள்.

நடுவில் சென்சாரை மாற்றினால் புதியது கொஞ்சம் வேறு எண் காட்டும். பழைய வித்தியாசத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு மாதிரி எடுங்கள். ஆக்சிஜனை 40 சதவீதத்திலிருந்து 100க்கு ஏற்றியதும் எண் நகர்ந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் மிகையான ஆக்சிஜன் அழுத்தமும் இந்தக் கணக்கைப் பாதிக்கும் காரணங்களில் ஒன்று.

சாயம் செலுத்தியபின்

மெத்திலீன் ப்ளூ, இண்டிகோ கார்மின், இண்டோசயனின் க்ரீன், நிணநீர்க்கணு தேட உதவும் நீலச் சாயங்கள் எல்லாம் சென்சாரின் ஒளியை விழுங்கும். ஆக்சிஜன் அளவு திடீரென விழுவதுதான் முதல் அடையாளம், ஹீமோகுளோபின் கூடவே கெடும். நாளத்தில் நேராகப் போட்டது சில நிமிடங்களில் தெளியும். மார்பகத்தில் தோலடியில் போட்ட நீலச் சாயம் மெல்ல உறிஞ்சப்படுவதால் பல மணி நேரம் தொல்லை தரலாம். மெத்திலீன் ப்ளூ போட்டபின் ரத்தவாயுக் கருவியின் ஒளி அளவீடும் தடுமாறும். அந்த வேளையில் செல் எண்ணும் பெரிய கருவிக்கு மாதிரியை அனுப்புங்கள்.

திரை சரி, லேப்தான் தப்பு

லேப் முடிவு வந்தால் விவாதம் முடிந்தது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். சென்சாரைப் பிரித்து மேய்வதற்கு முன் மாதிரி எப்படி வந்தது என்று விசாரியுங்கள்.

ஆர்ட்டீரியல் லைனில் எடுக்கும்போது குழாயில் நிற்கும் உப்புநீரை முழுதாக வெளியேற்றாவிட்டால் மாதிரி நீர்த்துப்போகும். குழாயின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு இழுத்த பிறகே மாதிரி. திரவம் ஓடும் கையில், ஊசிக்கு மேலே எடுத்த சிரை ரத்தம் மோசமானது. 10 கிராம் இருப்பவருக்கு 6 என்று வந்து தியேட்டரே பதறும். அதே மாதிரியில் சோடியமும் குளோரைடும் உப்புநீர் பக்கம் இழுபட்டு, பொட்டாசியமும் கால்சியமும் சேர்ந்து விழுந்திருந்தால் அது ரத்தமில்லை, பாதி பாட்டில்.

சிரிஞ்சில் ரத்தம் உறையாமல் தடுக்கும் திரவ ஹெப்பாரின் மிச்சமிருப்பது, காற்றுக்குமிழி, கலக்காமல் வைத்ததில் சிவப்பணு அடியில் தங்குவது ஆகியவை அடுத்த காரணங்கள். ரத்தவாயு சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, தலைகீழாகப் புரட்டிவிட்டே கருவியில் வையுங்கள். ஊதா மூடிக் குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். கட்டி விழுந்திருந்தால் எண் செல்லாது.

பிறகு கருவியின் வகை. ரத்தவாயுக் கருவிகளில் சில ஹீமோகுளோபினை ஒளியால் நேரடியாக அளக்கின்றன. கையடக்கக் கருவிகளில் சில, ஐ-ஸ்டாட் போன்றவை, மின்கடத்துத்திறனை வைத்து முதலில் சிவப்பணுக் கனஅளவு விகிதத்தை (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீத இடம் பிடிக்கிறது என்பதை)க் கண்டு, அதை 0.34ஆல் பெருக்கி ஹீமோகுளோபின் என்று காட்டுகின்றன. சிவப்பணு மின்சாரத்தைக் கடத்தாது. புரதமும் கடத்தாது. நிறையத் திரவம் ஏறிப் புரதம் நீர்த்தால், அந்தக் குறைவையும் கருவி சிவப்பணுக் குறைவாகவே எண்ணிக்கொள்ளும். மொத்தப் புரதம் ஒரு கிராம் குறைய, விகிதம் சுமார் 1 சதவீதப் புள்ளி கீழே காட்டும். 6.5இலிருந்து 3.5க்கு வந்துவிட்ட நோயாளியிடம் இது மூன்று புள்ளி, ஹீமோகுளோபினில் ஒரு கிராம். மெய்யாக 8.2 இருப்பவருக்கு 7.2 என்று காகிதத்தில் வரும், ஒரு பை வீணாகும். இதய அறுவைக்கென்று அந்தக் கருவிகளில் தனித் திருத்த முறை இருக்கிறது. நீர்த்த ரத்தம் என்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிரை வழியாகக் கொழுப்புக் குழம்பு ஏறும் நோயாளியின் கலங்கிய பிளாஸ்மா, செல் எண்ணும் கருவியில் ஹீமோகுளோபினைக் கூட்டிக் காட்டும். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய சிவப்பணு விகிதம் வர வேண்டும். வெகுவாக விலகினால் மாதிரியைச் சந்தேகியுங்கள்.

ஒரே நோயாளிக்கு ஒரே கருவியோடு ஒப்பிடுங்கள். காலையில் செல் எண்ணும் கருவி, மதியம் கையடக்கக் கருவி என்று மாற்றிவிட்டு, சென்சார் தடுமாறுகிறது என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

ஒரு யூனிட் ஏற்றியும் எண் ஏறவில்லை

70 கிலோ பெரியவருக்கு ஒரு யூனிட் சிவப்பணு ஏறக்குறைய 1 கிராம் கூட்டும். கருவியின் இயல்பான விலகலும் அதே 1 கிராம்தான். ஆகவே ஏறவில்லை என்பதற்காகவே இரண்டாவது பையை மாட்டாதீர்கள். பை முடிந்து 15 நிமிடம் கழித்து மாதிரி எடுத்தால் போதும், மணிக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. பையோடு கூடவே திரவமும் வேகமாக ஓடியதா என்று பாருங்கள். ஓடியிருந்தால் ஏற்றமும் நீர்த்தலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். குளிர்ந்த ரத்தத்தைச் சூடேற்றாமல் ஏற்றியதில் கை சில்லிட்டு எண் இறங்குவதும் உண்டு. இவை எதுவும் இல்லாமல் லேபும் ஏறவில்லை என்று சொன்னால், எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

அலாரம் ஓயாமல் அடிக்கிறது, அல்லது அடிக்கவே இல்லை

தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டிருப்பார்கள். அலாரம் ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்கிட வேண்டியது. ரத்தமேற்றல் துறையின் ஏஏபிபி அமைப்பின் 2023 வழிகாட்டுதல்படி, நிலையாக உள்ள பெரியவர்களுக்கு ரத்தம் ஏற்ற யோசிக்கும் எல்லை 7 கிராம், இதய அறுவையில் 7.5, எலும்பு அறுவையிலும் ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுக்கும் 8. எல்லையைத் தொட்டதும் ஏற்று என்பதல்ல இதன் பொருள். அழுத்தம், இதயத்துடிப்பு, இசிஜி மாற்றம், லாக்டேட், ரத்தம் இன்னும் போகிறதா என்பவை கூடவே வர வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு இந்தத் தாழ்ந்த எல்லைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தவும் கூடாது.

அலாரம் வைக்கும் கணக்கு இது: எல்லை, அதோடு உங்கள் நோயாளியின் வித்தியாசம், அதோடு கருவியின் விலகலுக்காக 1 கிராம். இதய அறுவை, திரை 0.8 கூடுதலாகக் காட்டுகிறது என்றால் 7.5 + 0.8 + 1 = 9.3. திரை குறைவாகக் காட்டினால் வித்தியாசத்தைக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். அந்த அலாரம் அடித்தால் செய்ய வேண்டியது மாதிரி எடுப்பது. ரத்த வங்கிக்கு போன் செய்வது லேப் எண் கையில் வந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரு யூனிட்டுக்கு மட்டும்.